உங்கள் கம்பெனியை உண்மையில் நடத்துவது யார்? மென்பொருள் பதில் சொல்லுமா?

நான்கு நண்பர்கள் சேர்ந்து சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குகள் ஆளுக்குச் சரியாக 25 விழுக்காடு. இப்போது ஒரு கேள்வி. பங்குகளை வைத்துப் பார்த்தால், சட்டப்படி அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவர் யார்?

"நாலு பேரும்தான்" என்பீர்கள். இல்லை, ஒருவர்கூட இல்லை! ஏனென்றால் சட்டம் கேட்பது 25 விழுக்காட்டுக்கு மேல். சரியாக 25 போதாது. அதற்காகப் பதிவேட்டை வெறுமையாக விடவும் முடியாது. விட்டால் 25,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

"இந்தத் தலைவலியெல்லாம் உங்களுக்கு எதற்கு? எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும் விளம்பரங்கள் இப்போது நிறைய. சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கும் இளையர் பலருக்கும் அவை கண்ணில் பட்டிருக்கும். அந்த மென்பொருள் உண்மையில் எதைப் பார்த்துக்கொள்ளும்? எதைப் பார்த்துக்கொள்ளாது? தப்பு நடந்தால் பொறுப்பு யாருக்கு?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- நிறுவனத்தை உண்மையில் கட்டுப்படுத்துவோரின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருப்பது சிங்கப்பூரில் 2017 முதல் கட்டாயம்.
- 2025 ஜூன் மாதம் விதிகள் கடுமையாயின. அபராதம் ஐந்து மடங்கு கூடியது.
- மென்பொருள் தேதிகளையும் ஆவணங்களையும் நன்றாகவே கவனிக்கும். ஆனால் யார் கட்டுப்படுத்துகிறார் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள்தான். சட்டம் கேள்வி கேட்பதும் உங்களைத்தான்.

அது என்ன பதிவேடு?

நிறுவனத்தின் பங்குதாரர் யார், இயக்குநர் யார் என்ற விவரங்கள் புதியவை அல்ல. கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையம், அதாவது நாம் அக்ரா என்று சொல்வது, அவற்றை எப்போதோ பதிவுசெய்துவிடுகிறது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

ஆனால் தாளில் இருக்கும் பெயரும் பின்னால் இருக்கும் ஆளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே? அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'பதிவுக்குரிய கட்டுப்பாட்டாளர் பதிவேடு'. துறையில் இருப்பவர்கள் ஆங்கில எழுத்துகளை வைத்து 'ஆர்ஓஆர்சி' என்பார்கள்.

2017 மார்ச் 31 முதல் சிங்கப்பூர் நிறுவனங்களும், வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள பங்காளித்துவத் தொழில்களும், இங்கு பதிந்த வெளிநாட்டு நிறுவனங்களும் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கவேண்டும். ஆரம்பத்தில் பதிவேடு நிறுவனத்தின் அலுவலகத்திலேயே இருந்தது. 2020 ஜூலை 30 முதல் அதே விவரங்களை அக்ராவின் மத்தியப் பதிவேட்டிலும் தாக்கல் செய்யவேண்டும் என்றானது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், நிதி நிறுவனங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றைக் கண்காணிக்க வேறு விதிகள் இருக்கின்றன.

உங்கள் வீட்டு முகவரியில் பதிவான ஓராள் கம்பெனிக்கும் இது பொருந்துமா? பொருந்தும். வருமானமே இல்லாவிட்டாலும் பொருந்தும்.

'கட்டுப்பாட்டாளர்' என்றால் யார்?

சட்டம் இரண்டு வழிகளில் பார்க்கிறது.

முதல் வழி, எண்ணிக்கை. பங்குகளில் அல்லது வாக்குரிமையில் 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர் கட்டுப்பாட்டாளர். அவர் தனிமனிதராகவும் இருக்கலாம், இன்னொரு நிறுவனமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வழி, அதிகாரம். இயக்குநர் சபையில் பெரும்பான்மை வாக்குகளை வைத்திருப்போரை நியமிக்கவோ நீக்கவோ உரிமை உள்ளவர் கட்டுப்பாட்டாளர். நிறுவனத்தின்மீது கணிசமான செல்வாக்கைச் செலுத்த உரிமை உள்ளவரும், உரிமை இல்லாவிட்டாலும் நடைமுறையில் அப்படிச் செலுத்துபவரும் கட்டுப்பாட்டாளரே.

இரண்டாவது வழியில்தான் சிக்கல். ஓர் உதாரணம் பார்ப்போம்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து உணவு விநியோகத் தொழில் நடத்துகிறார்கள். அக்காவுக்கு 60 விழுக்காடு, தம்பிக்கு 40. முதல் போட்டது மாமா. தாளில் மாமாவின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் புதுச் சமையற்கூடம் எடுப்பதா, யாரை வேலைக்கு வைப்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்று எதுவானாலும் மாமா "சரி" என்றால்தான் நடக்கும். அவர் வேண்டாம் என்றால் நடக்காது.

பதிவேட்டில் யார் யார்? அக்கா, தம்பி இருவரும் எண்ணிக்கைப்படி வந்துவிடுவார்கள். மாமா? நடைமுறையில் கணிசமான செல்வாக்கைச் செலுத்துகிறார் என்றால் அவர் பெயரும் வரவேண்டும். "அவர் குடும்பத்துப் பெரியவர், சும்மா ஆலோசனை சொல்கிறார்" என்பதற்கும் "அவர் சொல்லாமல் எதுவும் நகராது" என்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். வங்கி, வழக்கறிஞர், கணக்காளர் போன்றோர் வழக்கமான தொழில் உறவில் சொல்லும் ஆலோசனை இதில் சேராது.

சரி, அந்த நான்கு நண்பர்கள்? எண்ணிக்கைப்படி யாரும் இல்லை. அடுத்து அதிகாரத்தைப் பார்க்கவேண்டும். நால்வரில் ஒருவரிடம் தனி அதிகாரம் இருக்கிறதா? இருவர் எப்போதும் சேர்ந்து வாக்களிக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா? அப்படியும் யாரும் இல்லை என்றால் 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த விதி ஒன்று இருக்கிறது. நிறுவனத்தை நிர்வகிக்கும் அதிகாரமுள்ள இயக்குநர்களையும் தலைமை நிர்வாகியையும் கட்டுப்பாட்டாளர்களாகப் பதிவுசெய்ய வேண்டும். ஆக, பதிவேட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

பெயருக்கு ஒருவர், பின்னால் ஒருவர் என்ற ஏற்பாடு பணத்தை ஒளிக்க வசதியானது. 2016இல் வெளியான பனாமா ஆவணங்கள் அதை உலகத்துக்கே காட்டின. ஒரே ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்தவை 11.5 மில்லியன் ஆவணங்கள். நிதி நடவடிக்கைப் பணிக்குழு எனும் அனைத்துலக அமைப்பு 2022 மார்ச்சில் இதற்கான தரநிலையை இன்னும் இறுக்கியது. அந்த அமைப்பின் மதிப்பீட்டில் பின்தங்கினால் நாட்டின் நிதித் துறைக்கே நல்லதல்ல. சிங்கப்பூர் போன்ற நிதி மையத்துக்கு அது பெரிய விஷயம்.

நமக்கு நெருக்கமான சம்பவமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 15ஆம் தேதி காவல்துறை தீவு முழுவதும் சோதனை நடத்தி வெளிநாட்டவர் 10 பேரைக் கைதுசெய்தது. கள்ளப் பணத்தை நல்ல பணமாக்கிய அந்த வழக்கில் முடக்கப்பட்ட சொத்துகள், பறிமுதல் செய்யப்பட்ட சொத்துகள் ஆகியவற்றின் மதிப்பு 3 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. 10 பேருக்கும் 13 முதல் 17 மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனங்களைப் பதிவுசெய்து கொடுப்போர் வாடிக்கையாளரை எவ்வளவு தூரம் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

2024 ஜூலையில் நாடாளுமன்றம் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று நிறுவனச் சேவை வழங்குவோருக்கானது. மற்றது நிறுவனச் சட்டத்தைத் திருத்துவது. இரண்டும் 2025 ஜூனில் நடப்புக்கு வந்தன.

2025 ஜூனில் என்ன மாறியது?

- புதிய நிறுவனங்களுக்கு முன்பு 30 நாள் அவகாசம் இருந்தது. இப்போது பதிவான நாளிலிருந்தே கட்டுப்பாட்டாளர் பதிவேடு இருக்கவேண்டும்.
- பதிவேட்டில் உள்ள விவரங்கள் சரிதானா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும்.
- வேறொருவருக்காகப் பெயரளவில் இருக்கும் இயக்குநர், பங்குதாரர் ஆகியோரின் விவரங்களையும், அவர்களை நியமித்தவர் யார் என்பதையும் அக்ராவிடம் தாக்கல் செய்யவேண்டும். ஏற்கெனவே இருந்த நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை கெடு தரப்பட்டது.
- பதிவேட்டு விதிகளை மீறினால் விதிக்கப்படக்கூடிய அதிகபட்ச அபராதம் 5,000 வெள்ளியிலிருந்து 25,000 வெள்ளியானது.
- நிறுவனச் சேவை வழங்குவோர் அனைவரும் அக்ராவிடம் பதிந்துகொள்ள வேண்டும். கள்ளப் பணத் தடுப்பு விதிகளை மீறினால் அவர்களுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம்.

இதோடு பழைய கெடுக்களும் அப்படியே இருக்கின்றன. கட்டுப்பாட்டாளரின் விவரம் உறுதியானதும் இரண்டு வேலை நாளில் பதிவேட்டைத் திருத்தவேண்டும். திருத்திய பிறகு இரண்டு வேலை நாளில் அக்ராவிடம் தாக்கல் செய்யவேண்டும். இரண்டே நாள்! ஒரு நீண்ட வார இறுதி வந்தால் மறந்தே போகும். மென்பொருள் விற்பவர்களுக்கு வாசல் திறப்பது இந்த இடத்தில்தான்.

சரி, மென்பொருள் என்ன செய்யும்?

ஆங்கிலத்தில் 'என்டிட்டி மேனேஜ்மென்ட்' என்பார்கள். தமிழில் நிறுவன ஆவண நிர்வாக மென்பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்தான் பெரியது. வேலை எளிதில் புரியக்கூடியதே.

பெரும்பாலான சிறு நிறுவனங்களில் விவரங்கள் எங்கே இருக்கின்றன? பங்கு விவரம் ஓர் எக்செல் கோப்பில். கடவுச்சீட்டுப் படம் வாட்ஸ்அப்பில். கையெழுத்திட்ட தீர்மானம் யாரோ ஒருவரின் மின்னஞ்சலில். முகவரி மாறியது யாருக்கும் நினைவில்லை.

மென்பொருள் இவற்றை ஒரே இடத்தில் சேர்க்கிறது. அதனால் கிடைக்கும் நன்மைகள் இவை:

ஒரு மாற்றம், எல்லா இடத்திலும் எதிரொலிக்கும். ஒருவர் தன் பங்குகளை இன்னொருவருக்கு மாற்றினால், யாருடைய பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டியது, யாருடையது குறைந்தது என்று உடனே காட்டும். எக்செல்லில் அதை நாமே கவனித்தால்தான் உண்டு.

கெடு நினைவூட்டல். இரண்டு வேலை நாள் கெடு, ஆண்டுச் சரிபார்ப்பு, ஆண்டறிக்கைத் தாக்கல் என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே மணி அடிக்கும்.

அறிவிப்புக் கடிதம். கட்டுப்பாட்டாளர் என்று நம்பப்படுபவருக்கு நிறுவனம் அறிவிப்பு அனுப்பி விவரம் கேட்கவேண்டும். பதில் தர 30 நாள். கடிதத்தைத் தயாரித்து, அனுப்பி, பதில் வந்ததா என்று மென்பொருள் கண்காணிக்கும்.

தடம். யார், எப்போது, எந்த விவரத்தை மாற்றினார் என்பது அழியாமல் இருக்கும். "நாங்கள் நியாயமான முயற்சி எடுத்தோம்" என்று பின்னாளில் காட்டவேண்டி வந்தால் இது கைகொடுக்கும்.

குடும்ப மரம் மாதிரியான வரைபடம். ஒரு நிறுவனத்துக்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் வெளிநாட்டில் ஒன்று என்று அடுக்கு அடுக்காக இருக்கும் குழுமங்களுக்கு இது பெரிய உதவி.

ஆக, இது ஏமாற்று வேலை இல்லை. பத்து, இருபது நிறுவனங்களைக் கவனிக்கும் நிறுவனச் செயலாளருக்கு இது இல்லாமல் கஷ்டம்தான்.

அப்படியென்றால் எதைச் செய்யாது?

அக்கா, தம்பி, மாமா கதைக்கு வருவோம். மென்பொருளில் 60, 40 என்று போட்டால் அது இரண்டு பெயரைக் காட்டும். மாமாவைக் காட்டாது. காட்டவும் முடியாது. அவருடைய அதிகாரம் எந்தப் படிவத்திலும் இல்லையே!

நான்கு நண்பர்கள் விஷயமும் அப்படித்தான். எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள் "கட்டுப்பாட்டாளர் யாரும் இல்லை" என்று பச்சை விளக்கு காட்டிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தால் விதி மீறப்பட்டதாகிவிடும். அடுத்து என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே தேவை.

இன்னொரு விஷயம். மென்பொருளில் பதிந்துவிட்டாலே அக்ராவிடம் தாக்கல் ஆகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. இரண்டும் வேறு வேறு. நிறுவனத்தின் இயக்குநரோ செயலாளரோ சிங்பாஸ் மூலம் பிஸ்ஃபைல் தளத்துக்குள் நுழைந்து தாக்கல் செய்யவேண்டும். அல்லது பதிவுபெற்ற சேவை வழங்குநர் உங்கள் சார்பில் செய்யவேண்டும். "எல்லாம் தானாக நடக்கும்" என்று விற்பவர் சொன்னால், அக்ராவிடம் தாக்கலை உண்மையில் செய்வது யார் என்று கேளுங்கள்.

மிக முக்கியமானது பொறுப்பு. விதி மீறப்பட்டால் சட்டம் கைநீட்டுவது நிறுவனத்தையும் அதற்குக் காரணமான பொறுப்பாளர்களையும்தான். "நினைவூட்டல் வரவில்லை" என்பது பதிலாகாது. மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். உள்ளிடும் தகவல் சரியாக இருப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்ற வாசகம் அநேகமாக இருக்கும்.

வெளிநாட்டு மென்பொருள் என்றால் கூடுதல் கவனம்

இத்தகைய மென்பொருள் பல, அமெரிக்க அல்லது பிரிட்டன் சந்தையை மனத்தில் வைத்து உருவானவை. நாட்டுக்கு நாடு விதி வேறு.

பக்கத்தில் இருக்கும் மலேசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2024 ஏப்ரல் 1 முதல் நிறுவனத்தின் உண்மையான பலன் பெறுவோரைப் பற்றிய விதிகள் நடப்பில் இருக்கின்றன. அங்கே அளவு 20 விழுக்காடு. ஜொகூரில் ஒரு கிளை நிறுவனம் தொடங்கும் அந்த நான்கு நண்பர்களும் அங்கே எண்ணிக்கைப்படியே பதிவேட்டில் வந்துவிடுவார்கள். இங்கே வரமாட்டார்கள். அதே ஆள்கள், அதே பங்கு, இரண்டு பதில். மென்பொருளில் ஒரே ஓர் அளவை வைத்திருந்தால் ஏதோ ஒரு நாட்டில் தப்பாகிவிடும்.

அமெரிக்காவின் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே நிறுவன வெளிப்படைத்தன்மைச் சட்டம் 2021 ஜனவரி 1ஆம் தேதி சட்டமானது. 2024 ஜனவரி 1 முதல் நிறுவனங்கள் விவரம் தாக்கல் செய்யவேண்டும் என்றானது. 30 மில்லியனுக்கும் அதிகமான நிறுவனங்கள் அந்த வலைக்குள் வரும் என்று அந்நாட்டு நிதியமைச்சின் பிரிவு மதிப்பிட்டது. சட்டத்துக்கேற்ற மென்பொருள்கள் சந்தைக்கு வந்தன. பிறகு வழக்குகள். 2024 டிசம்பரில் டெக்சஸ் நீதிமன்றம் ஒன்று சட்டத்தை நிறுத்திவைத்தது. அதன்பின் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் உத்தரவு மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு முழு விலக்கு!

இப்போது அங்கே விதி பொருந்துவது யாருக்கு? வெளிநாட்டில் உருவாகி, அமெரிக்க மாநிலம் ஒன்றில் தொழில் செய்யப் பதிந்துகொண்ட நிறுவனங்களுக்கு. அதாவது சிங்கப்பூரில் பதிவான ஒரு தொழில்நுட்ப நிறுவனம் கலிஃபோர்னியாவில் தொழில் செய்யப் பதிந்துகொண்டால், வேறு விலக்கு இல்லாத பட்சத்தில், 30 நாளில் விவரம் தரவேண்டியிருக்கும். "அமெரிக்காவில்தான் அதை எடுத்துவிட்டார்களே" என்று தலைப்பை மட்டும் படித்துவிட்டு இருந்தால் மாட்டிக்கொள்வது நம் ஊர் நிறுவனம்தான்.

விதி இப்படி ஒரே இரவில் மாறும்போது மென்பொருளை யார், எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கிறார்கள் என்பது பெரிய கேள்வி.

என் தகவலை யார் யார் பார்ப்பார்கள்?

நியாயமான கவலை. சிங்கப்பூரின் கட்டுப்பாட்டாளர் பதிவேடு பொதுமக்கள் பார்க்கக்கூடியது அல்ல. அக்ராவும் சட்ட அமலாக்க அமைப்புகளும் பார்க்கலாம். ஓர் இயக்குநர் பெயரளவில் இருப்பவரா என்ற தகவல் இப்போது பொதுவில் தெரியும். அவரை நியமித்தவர் யார் என்பது தெரியாது.

எல்லா நாடும் இப்படி இல்லை. பிரிட்டன் 2016இலிருந்தே தன் பதிவேட்டை யாரும் பார்க்கும்படி திறந்துவைத்திருக்கிறது. ஐரோப்பாவும் அந்த வழியில்தான் போனது. ஆனால் 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடுவது தனிமனித உரிமையைப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது.

நம் ஊரில் 2024 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? புதிய பிஸ்ஃபைல் தளத்தின் தேடல் வசதியில் மக்களின் முழு அடையாள அட்டை எண்கள் தெரிந்தன. பெரிய சர்ச்சையாகி, சில நாளிலேயே அந்த வசதி நிறுத்தப்பட்டது. அரசாங்கமும் மன்னிப்புக் கேட்டது. குற்றத்தைத் தடுக்க வெளிப்படைத்தன்மை வேண்டும், அதே வேளையில் சாதாரண மனிதரின் விவரம் சந்தியில் கிடக்கவும் கூடாது. அந்தச் சமநிலை எவ்வளவு கடினம் என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

மென்பொருள் வாங்கும்போதும் அதே கேள்விதான். கட்டுப்பாட்டாளரின் அடையாள எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எல்லாம் அதற்குள் போகின்றன. தகவல் எந்த நாட்டுக் கணினியில் வைக்கப்படுகிறது? சந்தாவை நிறுத்தினால் தகவல் திரும்பக் கிடைக்குமா, அழிக்கப்படுமா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதில் சொல்லவேண்டியவர்களில் உங்கள் நிறுவனமும் ஒன்று.

"சும்மா பெயர் மட்டும் கொடுப்பா..."

இளையர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிங்கப்பூர் நிறுவனம் ஒவ்வொன்றிலும் இங்கு வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து நிறுவனம் தொடங்குபவர் என்ன செய்வார்? இங்கிருக்கும் ஒருவரின் பெயரைக் கேட்பார். தெரிந்தவர் மூலம் வரும். "வேலை எதுவும் இல்லை, மாதாமாதம் கொஞ்சம் பணம் வரும், கையெழுத்து மட்டும் போடு." படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது நல்ல வாய்ப்பாகத் தெரியலாம்.

பெயரளவு இயக்குநராக இருப்பது சட்டவிரோதம் இல்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் பெயரளவு இயக்குநரும் இயக்குநர்தான். நிறுவனத்தின் நடவடிக்கைகளை நியாயமான கவனத்தோடு பார்க்கும் கடமை அவருக்கும் முழுசாக உண்டு. அதைச் செய்யத் தவறுவது குற்றம். அபராதம் விதிக்கப்படலாம், 12 மாதம்வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போனால், காவல்துறை முதலில் கதவைத் தட்டுவது இங்கே இருப்பவரின் வீட்டில்தான்.

2025 ஜூனிலிருந்து இன்னொரு விதியும் இருக்கிறது. இதையே ஒரு தொழிலாகச் செய்பவர், பதிவுபெற்ற நிறுவனச் சேவை வழங்குநர் ஏற்பாடு செய்தால்தான் பெயரளவு இயக்குநராக இருக்கலாம். அந்தச் சேவை வழங்குநரும் அவர் அதற்குத் தகுதியானவரா என்று சரிபார்த்திருக்க வேண்டும்.

குடும்பத்துக்குள் கேட்டாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். "மாமா கேட்டார், மறுக்க முடியவில்லை" என்பது புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நிறுவனம் என்ன தொழில் செய்கிறது? வங்கிக் கணக்கை நான் பார்க்க முடியுமா? பதிவேட்டில் என்னை நியமித்தவர் என்று யார் பெயர் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

நான் மென்பொருள் வாங்கவேண்டுமா?

ஒரே நிறுவனம், ஒன்றிரண்டு பங்குதாரர்கள், எப்போதாவது மாற்றம் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. அக்ராவிடம் கட்டுப்பாட்டாளர் விவரத்தைத் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. கைத்தொலைபேசி நாட்காட்டியில் ஆண்டுச் சரிபார்ப்புத் தேதியைக் குறித்துவைத்து, ஆவணங்களை ஒரே கோப்புறையில் போட்டுவைத்தாலே பாதி வேலை முடிந்தது. நிறுவனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் செயலாளர் ஒருவரை நியமிப்பது எப்படியும் கட்டாயம். அவரிடம் இந்தப் பொறுப்பைத் தெளிவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏற்கெனவே இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தினால் நீங்கள் தனியாக வாங்குவது வீண் செலவு.

பல நிறுவனங்கள், பல நாடுகள், அடிக்கடி புதிய முதலீட்டாளர்கள் என்றால் கதை வேறு. அப்போது பணம் கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்கவேண்டியவை:

- சிங்கப்பூரின் 25 விழுக்காடு, இரண்டு வேலை நாள் விதிகள் உள்ளே இருக்கின்றனவா? மற்ற நாடுகளுக்குத் தனித்தனியாக மாற்ற முடியுமா?
- பங்கு எண்ணிக்கையைத் தவிர்த்து, அதிகாரம், செல்வாக்கு பற்றிய கேள்விகளையும் கேட்கிறதா?
- கட்டுப்பாட்டாளர் யாரும் இல்லை என்றால் நிர்வாக இயக்குநர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறதா?
- சட்டம் மாறினால் எத்தனை நாளில் புதுப்பிப்பீர்கள்?
- அக்ராவிடம் தாக்கல் செய்வது நீங்களா, நானா?
- தகவலை எங்கே வைக்கிறீர்கள்? நான் வெளியேறினால் என்ன ஆகும்?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குத் தெளிவான பதில் இல்லை என்றால், நீங்கள் வாங்கப்போவது விலை உயர்ந்த நாட்காட்டிதான்.

இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் பெயரில் நிறுவனம் இருந்தால், அல்லது எங்காவது இயக்குநராக உங்கள் பெயர் இருந்தால், முதலில் பிஸ்ஃபைல் தளத்தில் நுழைந்து என்ன தாக்கலாகியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு பங்குதாரர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பணம் போட்டது யார்? வாக்கு யாரிடம்? பெரிய முடிவுகளில் கடைசி வார்த்தை யாருடையது? மூன்றுக்கும் வரும் பெயர்கள் பதிவேட்டில் இருக்கும் பெயர்களோடு பொருந்துகின்றனவா?

பொருந்தவில்லை என்றால் நிறுவனச் செயலாளரையோ வழக்கறிஞரையோ உடனே கேளுங்கள். மென்பொருள் வாங்குவதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.